குருதிக் கலமும் மின்னோட்டமும்

டெங்குக் காய்ச்சல் பரவும் மாதங்களில், இலங்கையின் வைத்தியசாலைகளில் நோயாளியின் உறவினர் நாள்தோறும் ஆவலோடு கேட்டறியும் எண் ஒன்று உண்டு. குருதியிலுள்ள சிறுதட்டுக்களின் தொகையே அது. நேற்று ஓர் இலட்சமாக இருந்தது, இன்று அறுபதினாயிரமாகக் குறைந்துவிட்டது என்று விடுதி வாயிலில் நின்று ஒருவருக்கொருவர் கூறிக்கொள்வர். வைத்தியரோ அவ்வெண்ணோடு மற்றோர் எண்ணையும் நோக்குவார். குருதியின் கனவளவில் நூற்றுக்கு எத்தனை பங்கைச் செங்குழியங்கள் நிரப்பியுள்ளன என்பதைக் காட்டும் எண் அது. குருதிக் குழாய்களிலிருந்து நீர்ப்பாகம் கசிந்து வெளியேறத் தொடங்கினால் இவ்வெண் உயரும். டெங்கு நோயில் உயிருக்கு ஆபத்தை விளைவிப்பது பெரும்பாலும் அந்தக் கசிவே. 2017 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 186,000 பேருக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளரெனச் சந்தேகிக்கப்பட்டுப் பதிவாயினர். அத்தகைய ஒரு காலத்தில் குருதியை விரைந்தும் பிழையின்றியும் எண்ணும் வழி இல்லையெனில் வைத்தியர் இருளில் தடவுவோர் போலாவர்.

இவ்விரு எண்களும் சில துளி குருதியை ஒரு பொறியிற் செலுத்திய ஓரிரு நிமிடங்களில் வெளிவந்துவிடுகின்றன. அப்பொறிகள் பலவற்றில் கலங்களை எண்ணுவதற்குக் கண்ணும் வேண்டியதில்லை, சாயமும் வேண்டியதில்லை. மின்னோட்டமே அங்கு கண்ணாக நின்று காண்கிறது. உயிருள்ள ஒரு கலத்தை மின்னோட்டம் எவ்வாறு காண்கிறது, அது எதனை அறியும், எதனை அறியாது என்பவை அறியத்தக்க செய்திகளாகும்.

முதலிற் குருதியின் அமைப்பை நினைவிற் கொள்ளல் வேண்டும். கண்ணுக்குச் செந்நீராகத் தோன்றும் குருதி, உப்பும் புரதமும் கரைந்த நீர்ப்பாயத்தில் எண்ணிறந்த நுண்ணிய கலங்கள் மிதக்கும் ஒரு கலவை. ஒரு கன மில்லிமீற்றர், அதாவது சிறு கடுகளவு குருதியில் ஏறக்குறைய 50 இலட்சம் செங்குழியங்கள் உள. வெண்குழியங்கள் 4,000 முதல் 11,000 வரையிலும், சிறுதட்டுக்கள் 150,000 முதல் 450,000 வரையிலும் உள. செங்குழியம் இரு பக்கமும் குழிந்த தட்டு வடிவினது. அதன் விட்டம் ஏழு அல்லது எட்டு மைக்கிரோமீற்றர். மைக்கிரோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிறுதட்டோ இரண்டு முதல் நான்கு மைக்கிரோமீற்றர் அளவினது. கனவளவிற் செங்குழியத்தின் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கே அதற்குண்டு. வெண்குழியங்கள் பொதுவாக இவ்விரண்டினும் பெரியவை. அவற்றுள்ளும் பல வகைகள் உள.

இவற்றை எண்ணும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கியது. 1852 இல் ஜேர்மனிய அறிஞரான கார்ல் பியரோர்ட் செங்குழியங்களை முதன்முதலாக எண்ணிக் கணக்கிட்டார். ஒரு முறை எண்ணி முடிக்க மணிக்கணக்கான உழைப்பு வேண்டியிருந்தது. 1874 இல் பிரெஞ்சு அறிஞரான மலசே குருதி எண்ணுவதற்கெனக் கருவி ஒன்றை அமைத்தார். பின்னர் கட்டங்கள் கீறப்பட்ட கண்ணாடித் தட்டு ஆய்வுகூடங்களில் வழக்கத்துக்கு வந்தது. குருதியை இருநூறு மடங்காக ஐதாக்கி, அக்கட்டங்களின் மேல் இட்டு, நுணுக்குக்காட்டியால் நோக்கி ஒவ்வொரு கட்டத்திலும் கிடக்கும் கலங்களை எண்ணுவர். செங்குழியங்களுக்கு வழக்கமாக எண்பது சிறு கட்டங்களை எண்ணுவதுண்டு. அவற்றில் ஏறத்தாழ 500 கலங்கள் அகப்படும்.

இம்முறையில் எண்ணுபவரின் களைப்பு ஒரு புறமிருக்க, அவர் எவ்வளவு கவனமாயிருப்பினும் நீங்காத பிழை ஒன்று உண்டு. தற்செயலாகச் சிதறிக் கிடக்கும் பொருள்களை எண்ணும்போது, எண்ணிய தொகையின் வர்க்கமூலம் எவ்வளவோ அவ்வளவுக்கு அத்தொகை கூடவோ குறையவோ கூடும் என்பது கணிதம் கூறும் விதி. ஐந்நூற்றின் வர்க்கமூலம் ஏறத்தாழ 22. அஃது ஐந்நூறில் நூற்றுக்கு நாலரைப் பங்காகும். ஒரே மனிதரின் ஒரே குருதியை இருமுறை எண்ணினும் இரு வேறு விடைகள் கிடைப்பதற்கு இதுவே காரணம். இப்பிழையைக் குறைக்க வேண்டுமாயின் மிகப் பல கலங்களை எண்ணல் வேண்டும். மனிதக் கண் அதற்கு ஏற்றதன்று.

எண்ணுவதோடு வகை பிரித்தறிய வேண்டிய தேவையும் உண்டு. இதற்குப் பன்னெடுங்காலமாகச் சாயங்கள் பயன்பட்டு வந்துள்ளன. குருதியைக் கண்ணாடித் தகட்டிற் பூசி உலர்த்திச் சாயமேற்றினால், கலங்களின் கருவும் அவற்றினுள் இருக்கும் சிறுமணிகளும் வெவ்வேறு நிறம் பெறும். பின்னாளில் வந்த முறைகளில், குறித்த ஒரு வகைக் கலத்தின் மேற்பரப்பில் மட்டும் சென்று ஒட்டும் பிறபொருளெதிரிகளோடு ஒளிரும் சாயத்தைப் பிணைத்து, லேசர் ஒளியில் அக்கலங்களை இனங்காண்பர். இவை கலத்துக்கு அடையாளச் சீட்டு ஒட்டும் முறைகள் எனலாம். இவற்றின் சிறப்பு பெரிது. ஆயினும் பிறபொருளெதிரிகள் விலை மிக்கவை. அவற்றைக் குளிரிற் பேணல் வேண்டும். ஒட்டுவதற்கு நேரமும் தேர்ந்த கையும் வேண்டும். உலர்த்திச் சாயமேற்றிய கலமோ இறந்துபடும். சீட்டு ஒட்டப்பட்ட கலம் சில வேளைகளில் தன் இயல்பினின்றும் மாறுவதுமுண்டு.

பலாப்பழத்தை வெட்டிப் பார்த்துத்தான் பழுத்ததா என அறியவேண்டும் என்பதில்லை. அனுபவமுள்ளவர் விரலால் தட்டி, எழும் ஓசையைக் கேட்டே கூறிவிடுவர். அதுபோலக் கலத்துக்குச் சாயமும் சீட்டும் இன்றி, அதன் மீது மின்னோட்டத்தைத் தட்டி, அது தரும் விடையைக் கொண்டு அதன் இயல்பை அறிதல் கூடுமா? இவ்வினாவுக்கான விடை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உருவாகத் தொடங்கிற்று.

உப்பு நீர் மின்னைக் கடத்தும். அதிற் கரைந்துள்ள அயன்கள் மின்னேற்றத்தைச் சுமந்து செல்வதே காரணம். கலத்தின் உள்ளேயும் அயன்கள் கரைந்த நீரே உண்டு. அவ்வாறாயின் செங்குழியங்களை நெருக்கிப் பொதித்து மின்னோட்டம் செலுத்தினால் அவையும் மின்னைக் கடத்த வேண்டுமன்றோ? ஜேர்மனிய உடற்றொழிலியலாளரான றுடோல்வ் ஹேபர் 1910 முதல் 1913 வரை வெளியிட்ட ஆய்வுகளில் இதனைச் சோதித்தார். மெதுவாகத் திசை மாறும் ஓட்டத்தைச் செலுத்தியபோது கலங்கள் மின்னைப் பெரும்பாலும் கடத்தவில்லை. மிக விரைந்து திசை மாறும் ஓட்டத்தைச் செலுத்தியபோதோ அவை உப்பு நீர் போலக் கடத்தின. இதிலிருந்து அவர் கண்ட முடிவு தெளிவானது. கலத்தின் உள்ளீடு மின்கடத்தி; அதனைச் சுற்றி மின்னைத் தடுக்கும் மெல்லிய உறை ஒன்று உண்டு.

அந்த உறையின் தடிப்பையும் மின்னாலேயே அளந்தவர் டென்மார்க்கிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய ஹியூகோ பிறிக்கே. நடுவே காவலியும் இரு பக்கமும் கடத்தியும் அமைந்த எப்பொருளும் மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் கொள்ளளவி ஆகும் என்பது மின்னியலின் பாலபாடம். காவலி மெல்லியதாக இருக்கும் அளவுக்குச் சேமிப்பு மிகும். செங்குழியங்களின் மென்சவ்வு எவ்வளவு மின்னேற்றத்தைச் சேமிக்கிறது என்பதை அளந்து, 1925 இல் அவர் அச்சவ்வின் தடிப்பை ஏறத்தாழ மில்லிமீற்றரின் மூன்று இலட்சத்தில் ஒரு பங்கு எனக் கணக்கிட்டார். இலத்திரன் நுணுக்குக்காட்டி ஆக்கப்படுமுன், எந்த ஒளியாலும் காணவியலாத ஒரு சவ்வை மின்னோட்டம் இவ்வாறு அளந்து காட்டிற்று. பின்னாளில் நேரிற் கண்ட தடிப்பும் இவ்வளவிலிருந்து வெகுதூரம் விலகவில்லை.

எனினும் ஹேபரும் பிறிக்கேயும் அளந்தது கோடிக்கணக்கான கலங்களின் கூட்டு விடையை. ஒரு கூட்டத்தின் சராசரி வயதைக் கேட்டால் அங்கிருக்கும் குழந்தையையும் கிழவரையும் அறிய முடியாது. நோயோ பல வேளைகளில் இலட்சத்தில் ஒரு கலத்திலேயே முதலில் தோன்றுகிறது. ஆகவே கலங்களை ஒவ்வொன்றாக வினவும் வழி வேண்டியிருந்தது. அவ்வழியைக் கண்டவர் அமெரிக்கராகிய வாலஸ் கூல்ற்றர்.

கூல்ற்றரின் கருத்து ஒரு சிறு துளையில் அடங்கும். உப்பு நீர் நிறைந்த பாத்திரத்தினுள் உப்பு நீர் நிறைந்த ஒரு குழாயை நிறுத்த வேண்டும். குழாயின் சுவரில், ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துளை ஒன்றைத் தவிர வேறு வழி இராது. உள்ளே ஒரு மின்வாய், வெளியே ஒரு மின்வாய். இவற்றிடையே நேரோட்டம் செலுத்தினால் அவ்வோட்டம் முழுவதும் அத்துளையினூடாகவே சென்றாக வேண்டும். பாத்திரத்து நீரிற் குருதியை மிக ஐதாகக் கலந்து, நீரைக் குழாயினுள் உறிஞ்சினால் கலங்கள் ஒவ்வொன்றாகத் துளையைக் கடக்கும். கலத்தின் உறை மின்னைத் தடுப்பதால், அது கடக்கும் கணத்தில் துளையில் அதன் கனவளவுக்கேற்ற உப்பு நீர் இல்லாததுபோலாகிறது. மின்தடை சிறிது உயர்ந்து உடனே தாழ்கிறது. இந்த உயர்வுதாழ்வே ஒரு துடிப்பாகப் பதிவாகிறது. துடிப்புக்களின் தொகை கலங்களின் தொகையையும், ஒவ்வொரு துடிப்பின் உயரமும் அவ்வக் கலத்தின் கனவளவையும் காட்டும்.

சிக்காகோ நகரிற் செய்த முதற் பரிசோதனைகளில், சிகரெட் பெட்டியைச் சுற்றியிருந்த மெல்லிய செலோபேன் தாளிற் சூடேற்றிய ஊசியால் இட்ட துளையையே அவர் பயன்படுத்தினார் என்பர். வெறும் துளைக்கு ஆக்கவுரிமை பெற முடியாதெனச் சட்டத்தரணிகள் சிலர் கைவிரித்ததாகவும் சொல்லப்படுகிறது. 1949 இல் அவர் விண்ணப்பம் செய்தார். 1953 இல் அமெரிக்க ஆக்கவுரிமை கிடைத்தது. 1956 இற் சிக்காகோவில் நடந்த இலத்திரனியல் மாநாட்டில் அவர் தம் கருவியை விளக்கினார். 1968 இல் வெளிவந்த பிற்காலக் கருவியொன்று, ஈமோகுளோபினை ஒளியால் அளக்கும் பகுதியையும் இணைத்துக்கொண்டு, ஒரே குருதி மாதிரியிலிருந்து ஏழு அளவீடுகளைத் தானாகவே தந்தது.

துளையின் நுட்பத்தைச் சிறு கணக்கு ஒன்றால் உணரலாம். நூறு மைக்கிரோமீற்றர் விட்டமும் எழுபத்தைந்து மைக்கிரோமீற்றர் நீளமுமுள்ள துளையின் கொள்ளளவு செங்குழியம் ஒன்றின் கனவளவைப்போல் ஆறாயிரம் மடங்குக்கு மேற்பட்டது. ஆகவே கலம் ஒன்று கடக்கும்போது மின்தடை ஆறாயிரத்தில் ஒரு பங்கு அளவிலேயே மாறுகிறது. இச்சிறு மாற்றத்தை இலத்திரனியற் கருவி பெருக்கிக் காட்டும். குருதியை ஐம்பதினாயிரம் மடங்காக ஐதாக்கி அரை மில்லிலீற்றரை உறிஞ்சினால் ஏறத்தாழ 50,000 செங்குழியங்கள் ஒரு நிமிடத்துக்குள் எண்ணப்படும். ஐம்பதினாயிரத்தின் வர்க்கமூலம் 224. ஆதலாற் பிழை நூற்றுக்கு அரைப் பங்கிலும் குறைந்துவிடுகிறது. அவ்வளவு ஐதாக்குவதற்குக் காரணமும் உண்டு. இரு கலங்கள் ஒருங்கே துளையிற் புகுந்தால் கருவி அவற்றை ஒன்றென எண்ணிவிடும். வெண்குழியங்களை எண்ணும்போதோ, அவற்றைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு மிகுந்திருக்கும் செங்குழியங்களை முதலில் ஒரு திரவத்தாற் கரைத்து அகற்றிவிடுவர்.

டெங்கு விடுதியில் வைத்தியர் நோக்கும் இரு எண்களும் இத்துளையிலிருந்து பிறக்கக் கூடியவை. சிறிய துடிப்புக்களின் தொகை சிறுதட்டுக்களின் தொகையாகும். செங்குழியங்களின் துடிப்பு உயரங்களைக் கொண்டு சராசரிக் கனவளவைக் கண்டு, அதனைத் தொகையாற் பெருக்கினால் செங்குழியங்கள் நிரப்பும் பங்கு வந்துவிடும்.

ஆயினும் நேரோட்டம் கேட்கும் கேள்வி ஒன்றே. இக்கலம் எவ்வளவு பெரிது என்பதே அக்கேள்வி. ஏறத்தாழ ஒரே பருமனுள்ள இரு வேறு கலங்களை அது பிரித்தறியாது. உறையைக் கடந்து உள்ளே செல்லவும் அதனால் இயலாது. இங்குதான் ஹேபரின் பழைய அவதானிப்பு மீண்டும் பயன்பட்டது.

நேரோட்டத்தில் அயன்கள் ஒரே திசையிற் செல்ல முயன்று, மென்சவ்வை அடைந்ததும் நின்றுவிடுகின்றன. முன்னும் பின்னுமாகத் திசை மாறிக்கொண்டிருப்பது ஆடலோட்டம். ஒரு செக்கனில் எத்தனை முறை அவ்வாட்டம் நிகழ்கிறதோ அதுவே அதன் மீடிறன். சவ்வின் வெளிப்புறத்தில் அயன்கள் வந்து கூடும்போது, அவற்றின் தூண்டுதலால் உட்புறத்து அயன்களும் அசைகின்றன. ஆட்டம் மெதுவாயின் சவ்வு மின்னேற்றத்தால் நிரம்பி ஓட்டம் தடைப்படும். ஆட்டம் விரைவாயின் நிரம்புவதற்கு முன்பே திசை மாறிவிடும், ஓட்டம் தடைப்படுவதில்லை. எந்த அயனும் சவ்வைக் கடவாமலே, ஓட்டம் மட்டும் கலத்தை ஊடுருவியதாக முடிகிறது.

வானொலி நேயர்களுக்கு இம்மீடிறன்கள் புதியனவல்ல. செக்கனுக்கு ஏறத்தாழ ஐந்து இலட்சம் முதல் பதினாறு இலட்சம் வரையான ஆட்டங்கள் மத்திய அலைக்கு உரியவை. முப்பது இலட்சம் முதல் மூன்று கோடி வரையானவை சிற்றலைக்கு உரியவை. குருதிக் கலத்துக்கும் இவ்வெல்லைகள் பொருளுடையன. மத்திய அலையினும் மிகத் தாழ்ந்த மீடிறனில் ஓட்டம் கலத்தின் பருமனைக் கூறும். மத்திய அலையின் எல்லையிலும் அதற்குச் சற்று மேலும் மென்சவ்வின் இயல்பு வெளிப்படத் தொடங்கும். சிற்றலை எல்லையில் ஓட்டம் சவ்வைத் தாண்டி உள்ளீட்டின் செய்தியைக் கொண்டுவரும். ஒரே கலத்தைப் பல மீடிறன்களால் ஒருங்கே வினவினால், பருமன், உறை, உள்ளீடு ஆகிய மூன்றுக்கும் விடை கிடைக்கும். கூல்ற்றரும் அவருடைய சகாவான வோல்ற்றர் ஹொக்கும் தாழ்ந்த ஓட்டத்தோடு வானொலி மீடிறன் ஓட்டத்தையும் ஒருங்கே பயன்படுத்தும் முறைக்கு 1970 இல் ஆக்கவுரிமை பெற்றனர்.

இம்முறை முழு வளர்ச்சி பெற்றது நுண்ணிய வாய்க்கால்களைச் செதுக்கும் தொழில்நுட்பம் வந்த பின்னரே. இலத்திரனியற் சில்லுகளைச் செய்யும் வழியைத் தழுவி, தலைமயிரின் பருமனுக்கும் குறைந்த அகலமுள்ள வாய்க்கால்களைக் கண்ணாடியிலும் பிற பொருள்களிலும் அமைத்து, அவற்றின் சுவரில் மெல்லிய உலோகப் படலங்களை மின்வாய்களாகப் படியவைத்தனர். அடுத்தடுத்து அமைந்த இரு சோடி மின்வாய்களைக் கலம் கடக்கும். முதற் சோடியைக் கடக்கையில் ஒரு துடிப்பும், அடுத்ததைக் கடக்கையில் அதற்கு எதிரான துடிப்பும் தோன்றும். வாய்க்கால் முழுவதற்கும் பொதுவான தொல்லைகள் இரண்டிலும் ஒன்றாயிருப்பதால் அவை ஒன்றையொன்று நீக்கிவிடும். இரு துடிப்புக்களுக்கும் இடைப்பட்ட நேரம் கலத்தின் வேகத்தைக் கூறும்.

சுவிற்சர்லாந்தின் லோசான் நகரத்து ஆய்வாளர் 2001 இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய வாய்க்காலில் செக்கனுக்கு நூற்றுக்கு மேற்பட்ட கலங்களை அளந்தனர். செங்குழியங்களையும், ஈமோகுளோபின் நீக்கப்பட்டு வெறும் உறையாக நின்ற செங்குழியக் கூடுகளையும் சாயமின்றியே அக்கருவி வேறுபிரித்துக் காட்டிற்று. உள்ளே இருப்பது புரதம் செறிந்த பாய்பொருளா, வெறும் உப்பு நீரா என்பதை உயர்ந்த மீடிறன் உணர்ந்துகொண்டது.

வெண்குழியங்களை வகைப்படுத்துவதிற் சவ்வின் செய்தி பெரிதும் உதவுகிறது. வெண்குழியத்தின் மேற்பரப்பு வழவழப்பானதன்று. மடிப்புக்களும் நுண்விரல்களும் நிறைந்தது. கொசுவி உடுத்த சேலையில் வெளியே தோன்றுவதினும் மிகுந்த துணி அடங்கியிருப்பதுபோல, மடிப்பு மிக்க கலத்தில் மென்சவ்வும் மிகுதியாக உண்டு. சவ்வு மிகுமளவுக்கு அது சேமிக்கும் மின்னேற்றமும் மிகும். சிறிய நிணநீர்க்குழியத்துக்கும், நோய்க்கிருமிகளை விழுங்கும் நடுநிலைநாடிகளுக்கும், பருத்த மொனோசைற்றுக்களுக்கும் பருமனிலும் சவ்விலும் வேற்றுமை உண்டு. இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2009 இல், தாழ்ந்த மீடிறன் ஒன்றையும் உயர்ந்த மீடிறன் ஒன்றையும் ஒருங்கே பயன்படுத்தி, செங்குழியம் நீக்கிய மனிதக் குருதியில் இம்மூவகையையும் வேறுபிரித்துக் காட்டினர்.

மின்புலம் கலத்தை அளப்பதோடு நில்லாமல் அசைக்கவும் வல்லது. தலைமயிரை வாரிய சீப்பு சிறு காகிதத் துண்டை இழுப்பதை அனைவரும் கண்டிருப்பர். சீப்பின் அருகே மின்புலம் வலிதாயும் அகல அகல நலிந்தும் இருப்பதே அதற்குக் காரணம். அவ்வாறே, ஓரிடத்தில் வலிதாயும் ஓரிடத்தில் நலிந்தும் உள்ள ஆடற் புலத்தினுள் கலம் ஒன்று நின்றால், அது தன் மின்னியல்புக்கும் புலத்தின் மீடிறனுக்கும் ஏற்ப வலிய பக்கம் இழுபடும் அல்லது நலிந்த பக்கம் தள்ளப்படும். இவ்விளைவுக்கு 1951 இற் பெயரிட்டவர் அமெரிக்க அறிஞர் ஹேர்பட் போல். 1966 இல் அவரும் ஒரு சகாவும் உயிருள்ள மதுவக் கலங்களை இறந்தவற்றினின்றும் இவ்வழியாற் பிரித்தனர். இறந்த கலத்தின் சவ்வு ஒழுகுவதால் அதன் மின்னியல்பு மாறிவிடுகிறது. 1995 இல் வேறு அமெரிக்க ஆய்வாளர், மார்பகப் புற்றுநோய்க் கலங்களைக் குருதிக் கலங்களினின்றும் இதே தத்துவத்தாற் பிரித்துக் காட்டினர்.

மலேரியா நோய் இத்தத்துவத்துக்குத் தக்க எடுத்துக்காட்டு. மலேரியா ஒட்டுண்ணி செங்குழியத்தினுட் புகுந்து வளரும்போது, தனக்கு வேண்டிய உணவைப் பெறும் பொருட்டு அக்கலத்தின் சவ்வில் புதிய வழிகளைத் திறந்துவிடுகிறது. மின்னைத் தடுத்து நின்ற மதில் ஓட்டை விழுந்த மதிலாகிறது. நோயுற்ற கலத்தை உப்புக் குறைந்த நீரிலிட்டால் அதன் அயன்கள் வெளியே ஒழுகிவிடும். நலமுள்ள கலம் தன் அயன்களைக் காத்துக்கொள்ளும். அமெரிக்க ஆய்வாளரும் தாய்லாந்து ஆய்வாளரும் இணைந்து 2002 இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வேற்றுமையைக் கொண்டு ஒட்டுண்ணி புகுந்த கலங்களை மின்புலத்தால் ஒதுக்கித் திரட்டினர். 2018 இற் பிரித்தானிய ஆய்வாளர், கலங்கள் ஒவ்வொன்றாக வாய்க்காலைக் கடக்கையில் பல மீடிறன்களால் அளந்து, ஒட்டுண்ணி வளர வளரக் கலத்தின் மின்னியல்பு எவ்வாறு மாறுகிறதென வெளியிட்டனர். இலங்கை மலேரியா ஒழிந்த நாடென உலக சுகாதார நிறுவனத்தால் 2016 இற் சான்றளிக்கப்பட்டது. ஆயினும் வெளிநாடு சென்று திரும்புவோர் அந்நோயைக் கொண்டுவருவதுண்டு. அரிதாகிவிட்ட நோயை நுணுக்குக்காட்டியிற் கண்டறியும் கைத்திறனும் அரிதாகிவிடும் என்பதால், இத்தகைய ஆய்வுகள் இந்நாட்டுக்கும் உரியன.

இவ்வளவு சிறப்புக்கள் இருந்தும், மின்னோட்டத்தின் சொல்லை முற்றமுடிந்த சொல்லாகக் கொள்ளலாகாது. அது பொருளின் பெயரைக் கூறுவதில்லை. மின்னியல்பை மட்டுமே கூறுகிறது. இரும்புச் சத்துக் குறைந்தவரிலும் தலசீமியா உடையவரிலும் செங்குழியங்கள் சிறுத்திருக்கும். அவற்றின் துணுக்குகளும் குருதியிற் காணப்படலாம். அவை சிறுதட்டின் பருமனுக்கு இறங்கிவிடும்போது, துளையை மட்டும் நம்பும் கருவி அவற்றைச் சிறுதட்டுக்களென எண்ணி, தொகையை உண்மைக்கு மேலாகக் காட்டக்கூடும். மறுபுறத்தில், குருதி உறையாதிருக்கும்பொருட்டுக் குழாயிலிடும் மருந்தினாற் சிலருடைய சிறுதட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுண்டு. அப்போது பத்துச் சிறுதட்டுக்கள் திரண்ட கட்டி ஒரு வெண்குழியம்போலத் தோன்றித் துளையைக் கடந்துவிடும். தொகை உண்மையினும் தாழ்ந்து காணப்படும். நலமாயிருப்பவர் ஆபத்திலிருப்பவராகவும், ஆபத்திலிருப்பவர் நலமாயிருப்பவராகவும் காட்டப்படுவது சிறு பிழையன்று.

நுண்வாய்க்காற் கருவிகளுக்கும் குறைகள் உள. கலம் வாய்க்காலின் நடுவே சென்றால் ஒரு விடையும், ஓரமாகச் சென்றால் சற்று வேறான விடையும் வரும். அதனைத் திருத்திக் கணித்தல் வேண்டும். சுற்றியுள்ள நீரின் உப்பளவும் வெப்பமும் மாறினால் விடையும் மாறும். ஒடுங்கிய வாய்க்கால் எளிதில் அடைபடும். மேலும், நிணநீர்க்குழியங்களுள் ஒரு வகைக்கும் மற்றொரு வகைக்கும் உள்ள வேறுபாடு அவற்றின் மேற்பரப்புப் புரதங்களில் மட்டும் பொறித்திருக்குமாயின், மின்னோட்டம் அதனை வாசித்தறிய இயலாது. அங்கே அடையாளச் சீட்டு ஒட்டும் முறையே துணையாகும்.

ஆதலாற் கருவி தந்த எண் நோயாளியின் நிலையோடு பொருந்தாதபோது, ஆய்வுகூடத்தார் அக்குருதியைத் தகட்டிற் பூசி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியால் நோக்குவர். பழைய முறை பயனற்றுப் போய்விடவில்லை. புதிய முறைக்குச் சான்று கூறும் சாட்சியாக நிற்கிறது. இலட்சக்கணக்கான கலங்களைச் சலியாது எண்ணுவது மின்னோட்டத்துக்கு எளிது. ஐயத்துக்குரிய ஒரு கலத்தை நின்று நிதானித்து நோக்குவது பயின்ற கண்ணுக்கு எளிது. இரண்டும் சேர்ந்தவிடத்தே நோயாளிக்குப் பாதுகாப்பு.

டெங்கு விடுதியின் வாயிலில் ஒருவர் அறுபதினாயிரம் என்ற எண்ணைக் கேட்டு மனங்கலங்குகிறார். அந்த எண், உப்பு நீரில் மிதந்து ஒரு சிறு துளையைக் கடந்த கலங்கள் ஒவ்வொன்றும் மின்னோட்டத்துக்கு இட்ட சிறு தடையிலிருந்து பிறந்தது. அவ்வெண் தனித்து எதனையும் முடிவு செய்வதில்லை. நேற்றைய எண்ணோடும், செங்குழியப் பங்கோடும், நாடித்துடிப்போடும், நோயாளியின் முகத்தோடும் சேர்த்து வைத்தியர் அதனை நோக்கும்போதே அது பொருள் பெறுகிறது. அவ்வாறு நோக்குவதற்குரிய நேரத்தை அவருக்கு மிச்சப்படுத்திக் கொடுத்திருப்பதே அச்சிறு துளை செய்திருக்கும் பேருதவியாகும்.